'பார்ட்னர்ஸ்' மாதிரி ஒரு காமெடித் தொடர் மதுரையில் எடுத்தால் எடுபடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: 2024 மார்ச் 4

பழைய அமெரிக்கக் காமெடித் தொடர்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். 2012-ல் சிபிஎஸ் சேனலில் வந்த 'பார்ட்னர்ஸ்' பார்த்தேன். சின்ன வயதிலிருந்து சிநேகிதர்களாக இருக்கும் இரண்டு ஆண்கள். ஒருவனுக்குக் காதலி, இன்னொருவனுக்குக் காதலன். இதை நம்மூரில் எடுத்தால் எடுபடாது என்பது என் கருத்து. மதுரையில் ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டும் விரல் கோத்துக்கொண்டும்தான் நடக்கிறோம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்படியிருக்க இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வேறு கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

நானும் பார்த்திருக்கிறேன், ஆறு எபிசோடும். செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, லேப்டாப்பை இரண்டு செங்கல் மேல் வைத்துப் பார்த்தோம். நானும் என் சிநேகிதனும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவன் ஆண்களை விரும்புகிறவன். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பெயர் போடலாமா என்று கேட்டேன், "தொடரைப் பத்தி எழுது, என் பேர் வேணாம்" என்றான். நான் அவனைக் கூப்பிடுவது மாப்ள என்றுதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 5

முதலில் தொடர். ஜோ, லூயிஸ் என்று இருவர், நியூயார்க்கில் கட்டடம் வடிவமைக்கிறவர்கள். ஜோவாக டேவிட் க்ரம்ஹோல்ட்ஸ், லூயிஸாக மைக்கேல் யூரி. ஜோவுக்கு ஆலி என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகிறது. லூயிஸுக்கு வயட் என்ற காதலன். வயட்டாக வந்த பிராண்டன் ரௌத் 2006-ல் சூப்பர்மேனாக நடித்தவர். உருவாக்கியவர்கள் டேவிட் கோஹன், மேக்ஸ் மட்ச்னிக். இவர்களே பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள்; மட்ச்னிக் தன்பாலீர்ப்பாளர், கோஹன் அப்படி அல்ல. 1998-ல் 'வில் அண்ட் கிரேஸ்' கொடுத்தவர்களும் இவர்கள்தான். அதில் நட்பு தன்பாலீர்ப்புள்ள ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும். தங்கள் சொந்தக் கதைக்கு வந்துசேர 14 வருஷம் ஆகியிருக்கிறது.

வந்த பிறகு கையில் இருந்த நல்ல சரக்கை வீணாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லூயிஸுக்குக் கொடுத்த வேலை, ஜோவின் காதலுக்குள் மூக்கை நுழைத்துக் காரியத்தைக் கெடுப்பது. அத்தனை வருஷம் கூடவே இருந்தவனிடம் அதுதானா இருக்கும்? அவன் ஜோவிடம் முதன்முதலில் எப்படிச் சொன்னான், கேட்டதும் ஜோவின் முகம் எப்படிப் போனது, மறுநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தானா? அங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அந்தத் தொடரைப் பேசிக்கொண்டிருப்போம்.

ஓர் இடம் மட்டும் அருமை. லூயிஸ் தன் காதலனை டாக்டர் என்றே எல்லோரிடமும் சொல்வான். வயட் நர்ஸ். மாப்ள அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பவுண்டரை டாக்டர்னு சொல்லி எங்க அத்தைக்கு மாப்பிள்ளை பேசினாரே எங்க சித்தப்பா, அவரேதான்டா இவன்!" நியூயார்க்கிலும் அந்தச் சித்தப்பா இருக்கிறார்.

செப்டம்பர் 24-ல் ஆரம்பித்தார்கள், நவம்பர் 16-ல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆறுதான் ஒளிபரப்பானது. இப்படி இரண்டு ஆண்களின் நட்பை நடுவில் வைத்து வந்த முதல் தொடர் இதுதான்.

மார்ச் 6

திருத்தம். முதல் தொடர் என்று நேற்று எழுதியது தப்பு. 2001-லேயே அதே சிபிஎஸ்ஸில் 'சம் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்திருக்கிறது. ஜேசன் பேட்மேனும் டேனி நூச்சியும். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடி வந்த விளம்பரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஓர் ஆள், தன்பாலீர்ப்புள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் குடியேறுகிறான். அதுவும் சில வாரத்திலேயே போய்விட்டது.

இன்னொன்று. 1995-லும் 2014-லும் 'பார்ட்னர்ஸ்' என்ற பெயரிலேயே வேறு தொடர்கள் வந்தன. 1995-ல் வந்ததிலும் இரண்டு கட்டட வடிவமைப்பாளர்கள். தேடுகிறவர்கள் வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

மார்ச் 9

நீங்கள் சொன்ன பாதிக்கு வருகிறேன். அமெரிக்கத் தொடரில் இப்படி இரண்டு ஆண்கள் வந்தால் சிரிப்பெல்லாம் தொடுவதைச் சுற்றியே வரும். ஒரே கட்டிலில் படுக்க நேரும். கட்டிப்பிடித்தவன் விட ஒரு நொடி தாமதிப்பான். பக்கத்து மேஜைக்காரர் இருவரையும் ஜோடி என்று நினைத்துக்கொள்வார். நம்மூரில் இது எதுவும் செல்லாது. ஆரப்பாளையம் டவுன் பஸ்ஸில் ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துப் படியில் தொங்கித்தான் நாங்கள் கல்லூரிக்குப் போனோம். சித்திரை வெயிலுக்கு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுப்போம். எவன் கால் எவன் மேல் கிடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. நமக்குத் தொடுவதில் பயமில்லை, சொல்லில்தான் பயம்.

2006, மாசி மாதம். வண்டியூர் தெப்பக்குளம் அப்போதெல்லாம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். என் கை அவன் தோளில். "எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போகாதுடா. பசங்க மேலதான். ரொம்ப நாளாத் தெரியும்" என்றான்.

நான் கையை எடுத்தேன்.

வேண்டுமென்று எடுக்கவில்லை. ஆனால் எடுத்தேன். பதிமூன்று வருஷமாக அந்தத் தோளில் கிடந்த கை. எடுத்ததை அவன் பார்த்தான். ஆக, தொடுவதில் பயமில்லை என்று மேலே எழுதியது முழுக்கச் சரியில்லை. அந்தச் சொல் வெளியே வராதவரைக்கும்தான் பயமில்லை. தொடரை எழுதுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தப் படிக்கட்டு என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மாப்ள, மச்சான் என்று நாளுக்கு நூறு தடவை கூப்பிடுகிறோம். இரண்டும் கல்யாண உறவுச் சொல். உன் வீட்டில் பெண் எடுப்பேன், என் வீட்டில் பெண் கொடுப்பேன் என்று சொல்லாமல் சொல்கிறோம். பங்காளி என்றால் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு மாப்ள என்று வாயில் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கீழவாசலில் டீ குடிக்கும்போது கேட்டான்: "என்னடா, பேர் சொல்லிக் கூப்பிடுற? நான் என்ன ஊருக்குப் புதுசா வந்தவனா?"

இந்தக் காட்சியை ஜோவையும் லூயிஸையும் வைத்து எடுக்கவே முடியாது. அவர்கள் மொழியில் அந்தச் சொல் இல்லை.

மார்ச் 10

'தன்பாலீர்ப்பாளர்' என்று ஏன் வாய் நிறைய எழுதுகிறீர்கள், சின்னதாக ஒரு சொல் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 'நம்பி' என்று சிலர் எழுதுகிறார்கள், 'மகிழ்வன்' என்றும் பார்த்திருக்கிறேன். திருநம்பி என்பது வேறு: பிறக்கும்போது பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்கிறவர். நேற்று இங்கே ஒருவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், அதனால் சொல்கிறேன்.

மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. அதற்கு வழிவிட்ட வழக்கைப் போட்டவர்கள் நம்மூர்க்காரர்கள். மதுரையில் வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதை ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். குணப்படுத்துகிறேன் என்று யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்றும் அதில் சொன்னார். ஒரு நீதிபதியே 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்' என்று போனார் என்பதை நான் மாப்ளயின் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எந்தச் சொல் பிடிக்கும் என்று மாப்ளயிடம் கேட்டேன். "எனக்கு மாப்ளயே போதும்டா."

மார்ச் 17

காமெடி என்றாலே இவர்களைக் கேவலப்படுத்துவதுதான், வேண்டவே வேண்டாம் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் நியாயம். ஆண் ஒருவன் சேலை கட்டி, இடுப்பை ஆட்டி, கூட நிற்கிறவன் ஓடினால் அதுவே சிரிப்பு என்று நம்ம டிவியில் எத்தனை வருஷம் ஓட்டினார்கள். எங்கள் வகுப்பில் அதைப் பார்த்துவிட்டு வந்து மாப்ள முன்னால் நடித்துக் காட்டியவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் சிரிப்பு யார் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. 1971 பிப்ரவரியில் 'ஆல் இன் த ஃபேமிலி'யில் ஓர் எபிசோடு. ஆர்ச்சி பங்கர் வாய்த்துடுக்குக்காரர். மருமகனின் மென்மையான சிநேகிதனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசுவார். ஆனால் 'அப்படிப்பட்டவர்' என்று கடைசியில் தெரியவருவது, மதுக்கடையில் அவர் தினம் சந்திக்கும் ஸ்டீவ், பழைய கால்பந்து வீரன். ஸ்டீவே சொன்ன பிறகும் ஆர்ச்சி நம்ப மாட்டேன் என்கிறார். சிரிப்பு முழுக்க ஆர்ச்சி பக்கம். இந்த எபிசோடைப் பற்றி அதிபர் நிக்சன் புலம்பியது வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு உறைத்திருக்கிறது.

அப்புறம் 1983 ஜனவரியில் 'சியர்ஸ்' தொடரில் ஓர் எபிசோடு. மதுக்கடை நடத்தும் பழைய பேஸ்பால் வீரன் சாம். அவனோடு ஆடிய ஒருவன், தான் ஆண்களை விரும்புகிறவன் என்ற உண்மையைத் தன் புத்தகத்தில் சொல்லிவிடுகிறான். சாம் ஆடிப்போகிறான், பிறகு கூட நிற்கிறான். வழக்கமாக வருகிற ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். அதை இயக்கிய ஜேம்ஸ் பர்ரோஸ்தான் 'வில் அண்ட் கிரேஸ்' எல்லா எபிசோடையும் இயக்கியவர், 'பார்ட்னர்ஸ்'ஸிலும் வேலை செய்தவர். அவர் கையில் எத்தனையோ வருஷ அனுபவம் இருந்தது. சாம் ஆடிப்போகிற அந்த ஒரு நிமிஷம் 'பார்ட்னர்ஸ்' மொத்தத்தையும் விட எனக்குப் பெரிது. நான் அந்த நிமிஷத்தில் இருந்திருக்கிறேன்.

மார்ச் 31

'கூட நிற்கிறான்' என்று போன குறிப்பில் சுலபமாக எழுதிவிட்டேன். நான் நிற்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்த இழையில் மேற்கொண்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

2007 ஆவணி. மாப்ளயின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதார். "நீ சொன்னாக் கேப்பான்யா. ஒரு வார்த்தை சொல்லு." அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனிடம் சொன்னேன். அதற்கு முன்னாலேயே நகரத்தில் ஒரு மருத்துவர் அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் படித்தவர், நான் சிநேகிதன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அவன் எங்கே போவான்?

உசிலம்பட்டி பக்கம் பெண் பார்க்கப் போனோம். பூ, பழத்தட்டை என் மடியில்தான் வைத்திருந்தேன். கேசரி, பஜ்ஜி. பெண் காபி கொண்டுவந்தது. மாப்ள தரையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திரும்பும்போது செக்கானூரணியில் டீக்கு வண்டி நிறுத்தினார்கள். தனியாகக் கூப்பிட்டு, "நீயுமாடா?" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மாதமே பெங்களூருக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் பேசவில்லை.

அந்தப் பெண்ணை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பூத்தட்டோடு போனவர்களில் எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கல்யாணம் நடந்திருந்தால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் போயிருக்கும், அதற்கு நானே சாட்சியாக நின்றிருப்பேன்.

ஆணும் ஆணும் மனமொத்துச் சேர்வதையும் குற்றமாக்கியிருந்தது 377-ஆம் சட்டப்பிரிவு; வயது வந்தவர்கள் விஷயத்தில் அது செல்லாது என்று 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு அவன் நம்பருக்கு அடித்தேன். எடுத்தான். "பேப்பர் பார்த்தியா மாப்ள?" என்றேன். வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இப்பத்தான் கூப்பிடுற" என்றான். மன்னித்துவிட்டான்.

அந்தத் தீர்ப்பை 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது, 2018 செப்டம்பர் 6-ல் மறுபடி சரிசெய்தது. மூன்று நாளும் அவனோடு பேசினேன். 2013-ல் பேசியதுதான் கஷ்டம். பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 1

நேற்று எழுதியதை மாப்ள படித்தான். ஒரு திருத்தம் போடச் சொன்னான்: "மன்னிச்சுட்டான்னு நீயா எழுதாதடா. நான் அப்படிச் சொல்லவே இல்ல. நீ வேணும்னு தோணுச்சு, பேசினேன். அம்புட்டுதான்." மன்னித்துவிட்டான் என்று நேற்று எழுதியதை எடுத்துவிட்டு, அவன் சொன்னதை அங்கே வைத்துப் படியுங்கள்.

ஏப்ரல் 22

இன்றைக்கு எதிர்சேவை. மூன்றுமாவடியிலிருந்து இப்போதுதான் வந்தேன், கால் இரண்டும் கடுக்கிறது. அழகர் வேஷம் போட்டவர்கள் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், சர்க்கரைச் சொம்பு ஏந்தி நிற்கிறார்கள், கூட்டத்தில் யார் கை யார் தோளில் என்று தெரியவில்லை. மாப்ளயும் அவன் கூட்டாளியும் வந்திருந்தார்கள். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்கள், அவர் திண்டுக்கல்காரர். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க இருவரும் கையைக் கோத்திருந்தார்கள். இந்த இழையின் முதல் கேள்வி நினைவுக்கு வந்தது. ஆமாம், யாரும் தப்பாக நினைக்கவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

2012 ஜூலை 29-ல் மதுரையில் வானவில் பேரணி நடந்தது, மாப்ள மாதிரி ஆட்கள் ஒளியாமல் தெருவில் நடக்கிற பேரணி. சிருஷ்டி அமைப்பினர் நடத்தினார்கள், அதைத் தொடங்கிய கோபி ஷங்கர் முன்னால் நின்றார். அன்றைக்கு மாப்ள ஊரில்தான் இருந்தான். போகவில்லை, யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள் என்று பயம். நானாவது போயிருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. இரண்டே மாதத்தில் அமெரிக்காவில் 'பார்ட்னர்ஸ்' ஆரம்பமானது. அதைப் பார்க்க மாடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பேரணி நம்ம தெருவில், தொடர் எங்கேயோ. எங்களுக்கு எங்கேயோ இருப்பதைப் பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது.

மே 5

'சரி, நீயே சொல், மதுரைத் தொடர் எப்படி இருக்கும்' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாப்ளயோடு உட்கார்ந்து பேசியதை எழுதுகிறேன்.

தெற்குவாசல் பக்கம் ஒரு பந்தல் கடை. பந்தல், மணவறை, சீரியல் செட்டு, குழாய் ஸ்பீக்கர், நாற்காலி வாடகை. இரண்டு சிநேகிதர்கள் நடத்துகிறார்கள். ஒருவன் மணவறை ஜோடிப்பதில் கெட்டிக்காரன், ஆண்களை விரும்புகிறவன். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவருக்குக் கல்யாண மேடை கட்டுகிறான். ஒவ்வொரு மேடைக்குக் கீழேயும் ஓர் அத்தையோ பெரியம்மாவோ நின்று, "ஊருக்கெல்லாம் கட்டுற, ஒனக்கு எப்பய்யா?" என்று கேட்கிறார். இன்னொருவன் அவனுக்காகப் பொய் சொல்லியே காலத்தை ஓட்டுகிறான். ஜாதகத்தில் தோஷம் என்று ஒரு வாரம், வெளிநாட்டு வேலை என்று மறுவாரம். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது, அதைக் காப்பாற்ற மூன்றாவது. தரகர் வேறு மோப்பம் பிடிக்கிறார். சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை, ஒரு இடத்திலும் அவன் நடையையோ குரலையோ கேலி செய்ய வேண்டியதில்லை.

மொய் விஷயத்தைச் சொன்னது மாப்ள. மதுரைப் பக்கம் மொய் என்றால் வெறும் அன்பளிப்பு இல்லை, கணக்கு. எழுதியது திரும்பி வர வேண்டும், கொஞ்சம் கூட்டி வர வேண்டும். "இருபது வருஷமா எழுதுறேன்டா. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஒண்ணு விட்டதில்ல. எனக்குக் கல்யாணமும் கிடையாது, பிள்ளைக்குக் காதுகுத்தும் கிடையாது. நான் எழுதினது அம்புட்டும் ஊர்ல நிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு 1,001, மூத்தவள் காதுகுத்துக்கு 2,001, சின்னவனுக்கு 3,001. நாங்கள் அவனுக்கு எழுதியது ஒன்றும் இல்லை.

மே 20

நேற்று நாகமலைப் பக்கம் மாப்ளயும் அவன் கூட்டாளியும் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. இரண்டு பேர் சம்பாத்தியம், இரண்டு பேர் பேரிலும் பத்திரம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் 'சேர்ந்து தங்கியிருக்கும் சிநேகிதர்கள்' என்று வந்தார்கள். மீதிப் பேர் தெரிந்தும் வந்தார்கள். வராதவர்களும் உண்டு.

காலையில் போனதும் மாப்ளயின் அம்மா என் கையில் புது நோட்டும் பேனாவும் கொடுத்து, "நீ மொய் மேசையில உக்காருய்யா" என்றார். நம்ம பக்கம் அந்த மேசையில் மாமன் மச்சானைத்தான் உட்கார வைப்பார்கள். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். முதலில் எங்கள் வீட்டு மொய்யை எழுதினேன். மூன்று விசேஷத்துக்கு அவன் எழுதியதையும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்து, 10,001.

பதினொரு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேனில் பத்துப் பேர் இறங்கினார்கள். கூட்டாளியின் அம்மா மேசைக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்தாயிரத்து ஒன்று எண்ணி வைத்தார். எப்படி எழுதட்டும் என்று மாப்ளயின் அம்மாவைப் பார்த்தேன். அவர் என் தோள் வழியே நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வீடுன்னு எழுது" என்றார்.